ஒன்றும் இல்லாதபோதே போய் வாருங்கள்: கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

எங்கள் மகளிர் குழுவில் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான்: “எனக்கு இன்னாமா, நல்லாத்தான கீறேன், எனக்கெதுக்கு டெஸ்ட்டு?”

காட்பாடிப் பக்கத்திலிருந்து சில வருடங்களாகப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வருகிறேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கூடப் போகிறவள். உள்ளே அவர்கள் படுத்திருக்கும்போது வெளியே அவர்கள் பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். அங்கே பார்த்ததையும், நர்சம்மாக்கள் சொல்லிக் கேட்டதையும், நானே அந்த மேசையில் படுத்து எழுந்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

நன்றாக இருப்பவர்களுக்காகத்தான் இந்தப் பரிசோதனை. காரணம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் நடையில் இருக்கிறது. கர்ப்பப்பையின் வாய்ப் பகுதியில் எச்.பி.வி. என்ற வைரஸ் வருடக்கணக்கில் தங்கிவிட்டால், அங்குள்ள செல்கள் மெல்ல மாற ஆரம்பிக்கும். அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடங்கள் பிடிக்கும். அத்தனை வருடமும் வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, வெளியே எதுவும் தெரியாது. அந்தக் காலத்தில் கண்டுபிடித்துவிட்டால் அரை மணி நேரத்துக்குள் முடிகிற வைத்தியம் போதும். வெளியே தெரிய ஆரம்பித்த பிறகு கதையே வேறு.

என் பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆன பிறகு லேசாக உதிரம் பட்டது. “திரும்பவும் தூரமாகறேன்டி” என்று வெட்கப்பட்டுச் சொன்னார். எங்களுக்கும் விவரம் தெரியவில்லை, உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தோம். எட்டு மாதம் அப்படியே போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூன்றாவது நிலை. கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள், தாக்குப்பிடித்தார், இரண்டு வருடத்தில் போய்விட்டார். 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள் என்று படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் முகம்தான் தெரிந்தது.

யார் போக வேண்டும்

முப்பது வயது ஆகிவிட்டதா, கல்யாணம் ஆனவரா, போங்கள். அரசுத் திட்டத்தில் 30 முதல் 65 வயது வரை பார்க்கிறார்கள். எச்.ஐ.வி.க்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் 25 வயதிலேயே ஆரம்பிக்க வேண்டும், இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். அவர்களுக்கு இந்த நோய் வேகமாக முற்றும்.

இதைப் படித்ததும் உடனே தோன்றும் சில கேள்விகள் உண்டு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பலர் தங்களுக்கு இனிமேல் கர்ப்பப்பை சம்பந்தமாக எதுவும் வராது என்று நினைக்கிறார்கள். அந்த ஆபரேஷனில் குழாயைத்தான் கட்டுகிறார்கள். கர்ப்பப்பையும் அதன் வாயும் அப்படியேதான் இருக்கின்றன. போக வேண்டும். மாதவிலக்கு நின்றுவிட்டவர்களும் போக வேண்டும். கர்ப்பப்பையையே எடுத்துவிட்டவர்கள் அந்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். வாயோடு சேர்த்து எடுத்திருந்தால், புற்றுநோய், செல் மாற்றம் மாதிரி கெட்ட காரணத்துக்காக எடுக்காமல் இருந்தால், பரிசோதனை தேவைப்படாது. சிலருக்கு வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்திருப்பார்கள். அவர்களுக்குத் தேவை. உடலுறவே இல்லாதவர்களுக்கு இந்த நோய் வருவது மிக அரிது. அவர்கள் அதை நர்சிடம் தயங்காமல் சொல்லிவிட வேண்டும், சொன்னால் கருவி வைத்துப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. கணவரிடமிருந்துதான் இந்த வைரஸ் வரும் என்று கேள்விப்பட்டதும் சில வீடுகளில் சண்டை வந்துவிடுகிறது. உடலுறவு வழியாகப் பரவுவது உண்மை. ஆனால் இது ஜலதோஷம் மாதிரி எங்கும் இருக்கிற வைரஸ். உடலுறவு உள்ள ஆண், பெண் இருவரில் பெரும்பாலானோருக்கும் வாழ்க்கையில் ஒருமுறையாவது வந்து போகும். முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் எடை போடாதீர்கள். உங்களுடையதையும்தான்.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். உறவுக்குப் பிறகு இரத்தம் படுகிறது, மாதவிலக்கு நின்றபின் உதிரம், இரண்டு விலக்குக்கு நடுவில் உதிரம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இப்படி ஏதாவது இருந்தால் நீங்கள் முகாம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. நாளைக்கே மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். இந்தக் கட்டுரையின் மற்ற பகுதியெல்லாம் தொந்தரவு இல்லாதவர்களுக்கு.

எங்கே போவது

மாதம்தோறும் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்குகிற அதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான். அங்கே தொற்றா நோய்ப் பிரிவு என்று ஒரு அறை, அதற்கென்று ஒரு நர்ஸ் இருப்பார். பிரஷர், சர்க்கரை, மார்பு, கர்ப்பப்பை வாய் நான்கையும் பார்ப்பது அவர் வேலை. பணம் கிடையாது. எத்தனையோ பேர் வருடக்கணக்கில் அந்த அறை வாசலில் வரிசையில் நின்று மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். அடுத்த முறை மாத்திரை வாங்கும்போது “கர்ப்பப்பை வாய் டெஸ்ட் என்னைக்கு எடுப்பீங்க சிஸ்டர்?” என்று கேளுங்கள், போதும். தினமும் எடுக்கிறார்களா, குறிப்பிட்ட கிழமையா என்று சொல்லிவிடுவார்.

வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்த பிறகு எந்தப் பெரிய ஆஸ்பத்திரி நம்முடையது என்று பலருக்குக் குழப்பம். வேலூர்ப் பக்கத்தவர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, குடியாத்தம் சுற்றியிருப்பவர்களுக்குக் குடியாத்தம் அரசு மருத்துவமனை, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு வாலாஜா, அந்தப் பக்கம் திருப்பத்தூர். எல்லையைத் தாண்டிப் போனாலும் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள், பயப்படாதீர்கள். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் இரண்டும் 2023-ல் அரசு தொடங்கிய புற்றுநோய் கண்டறியும் திட்டத்தின் முதல் நான்கு மாவட்டங்களில் சேர்ந்தவை. மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வீட்டுக்கு வந்து அழைப்புச் சீட்டு கொடுத்தால் அதை டிவிக்குப் பின்னால் செருகிவிடாதீர்கள்.

தனியாரில் பார்க்க வசதி இருந்தால் சி.எம்.சி. இருக்கிறது, நம் ஊர்களில் நிறைய மகப்பேறு கிளினிக்குகள் இருக்கின்றன. என்ன டெஸ்ட், எவ்வளவு ஆகும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் ஈ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொண்டு அங்கே கேளுங்கள். பீஞ்சமந்தை மாதிரி மலை ஊரிலிருந்து இறங்கி வருகிறவர்கள் மட்டும் கிராம சுகாதார நர்சிடம் தேதியை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். ஒருநாள் கூலியை விட்டு இறங்கி வந்து, “இன்னிக்கு சிஸ்டர் லீவு” என்று கேட்டால் அவர்கள் மறுபடி வரவே மாட்டார்கள். பீடி சுற்றும் பெண்களுக்கும் இதே கஷ்டம்தான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. உட்காராத நேரத்துக்குக் காசு இல்லை. அதனால் நான் நாலைந்து பேராகச் சேர்த்து, காலையில் முதல் ஆளாகப் போய், மதியச் சோற்றுக்கு வீடு திரும்புகிற மாதிரிதான் ஏற்பாடு செய்வேன்.

ஒரு எச்சரிக்கை: வயிற்று ஸ்கேன் எடுத்தாச்சு, மாஸ்டர் செக்கப்பில் ரத்தம் பார்த்தாச்சு என்பதெல்லாம் இதற்குக் கணக்கில் வராது. செல் மாறுகிற அந்த ஆரம்ப நிலை ஸ்கேனிலும் தெரியாது, ரத்தத்திலும் தெரியாது. கர்ப்பப்பை வாயை நேரில் பார்க்க வேண்டும், அல்லது அங்கிருந்து மாதிரி எடுக்க வேண்டும்.

மூன்று வகை டெஸ்ட்

அரசு நிலையங்களில் பெரும்பாலும் செய்வது வி.ஐ.ஏ. நாங்கள் வினிகர் டெஸ்ட் என்போம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே சரக்கை, பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தொட்டு வைத்து ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். சில இடங்களில் அப்புறம் அயோடினும் தடவுவார்கள். நல்ல பகுதி கரும்பழுப்பாகும், சந்தேகப் பகுதி கடுகு மஞ்சளாக நிற்கும். முடிவு அங்கேயே, அப்போதே.

வினிகரைத் தொட்டுப் பார்த்தால் புற்றுநோய் தெரிந்துவிடுமா என்று கேட்பவர்களுக்கு நான் திண்டுக்கல்லைச் சொல்வேன். அந்த மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகளை வைத்து, ஒரே ஒருமுறை இந்த வினிகர் டெஸ்ட் செய்தார்கள். ஏழு வருடம் தொடர்ந்து கவனித்ததில், டெஸ்ட் செய்த கிராமங்களில் இந்த நோயால் ஏற்பட்ட சாவு மற்ற கிராமங்களைவிட 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் இது உலகத்துக்குத் தெரியவந்தது. நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மேசையில் படுத்துச் சொன்ன சாட்சி அது.

இரண்டாவது பாப் ஸ்மியர். சிறு பிரஷ் அல்லது குச்சியால் செல்களைத் தடவி எடுத்து, கண்ணாடிச் சில்லில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. முடிவு வர நாளாகும். மூன்றாவது எச்.பி.வி. டி.என்.ஏ. டெஸ்ட். வைரஸ் இருக்கிறதா என்றே பார்ப்பது. மூன்றில் இதுதான் நுட்பமானது, விலையும் அதிகம். உலக சுகாதார நிறுவனம் முதலிடம் தருவதும் இதற்குத்தான். இதற்கான மாதிரியைப் பெண்ணே தனக்குத்தானே எடுத்துக் கொடுக்கவும் முடியும்.

எது நல்லது என்று யோசித்து யோசித்துத் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்தில் கிடைப்பதைச் செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: மாதவிலக்கு நின்றவர்களுக்கு, கர்ப்பப்பை வாயில் செல் மாறுகிற வளையம் போன்ற பகுதி உள்ளே ஏறிவிடும், வினிகர் டெஸ்டில் சரியாகத் தெரியாது. அவர்கள் பாப் ஸ்மியரோ எச்.பி.வி. டெஸ்டோ கேட்க வேண்டும்.

நாள் குறிப்பதும் கிளம்புவதும்

விலக்கு ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணி பத்தாம் நாளுக்கு மேல் இருபதாம் நாளுக்குள் போனால் நல்லது. உதிரம் இருக்கும்போது போக வேண்டாம். முந்தின இரண்டு நாள் உறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மாத்திரை, களிம்பு வேண்டாம், உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டாம். கழுவினால் பார்க்க வேண்டிய செல்களும் போய்விடும். வெளியே வழக்கம்போலக் குளித்துவிட்டுப் போனால் போதும். முடி எடுக்கத் தேவையில்லை. வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போங்கள். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிரசவத்துக்குப் பின் எப்போது வரலாம் என்று அவர்கள் சொல்வார்கள்.

புடவை கட்டிப் போவது சௌகரியம். உள்பாவாடையோடு மேலே தூக்கிக்கொண்டால் ஆயிற்று, எதையும் அவிழ்த்து நிற்க வேண்டியதில்லை. நைட்டி, புர்காவும் அப்படியே. சுடிதார் போடுபவர்கள் ஒரு பழைய பாவாடையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாப்கினும் இருக்கட்டும், அயோடின் கறை துணியில் பட்டால் போகாது. ஆதார் அட்டை, செல்போன், பழைய சீட்டுகள் எதாவது இருந்தால் அவை. உள்ளே போவதற்கு முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அழுத்தும்போது அவஸ்தை.

அந்த ஐந்து பத்து நிமிடம்

பெண்களுக்கு உள்ள பயமெல்லாம் இந்த நிமிடங்களைப் பற்றித்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நர்ஸ் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். எத்தனை குழந்தை, கடைசி விலக்கு எப்போது, வெள்ளைப்படுதல் உண்டா, உறவின்போது வலி உண்டா. கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். பிறகு உள்ளாடையை எடுத்துவிட்டு மேசையில் படுக்கச் சொல்வார். முழங்காலை மடக்கி, இரண்டு காலையும் அகட்டி வைக்க வேண்டும். பிரசவத்துக்கு, காப்பர் டி வைக்கப் படுத்த அதே மாதிரிதான். கர்ப்பப்பை வாய் உள்ளே இருப்பதால் அதைப் பார்க்க வழி வேண்டும். அதற்கு ஸ்பெகுலம் என்ற கருவி. மூடிய நிலையில் மெல்ல உள்ளே வைத்து, பிறகு கொஞ்சம் விரிப்பார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை. உள்ளே வைக்கும்போது ஒரு அழுத்தம், உலோகமாக இருந்தால் ஒரு சில்லிப்பு. வினிகர் படும்போது சிலருக்கு லேசான எரிச்சல். மாதிரி எடுத்தால் விலக்குக்கு முந்தின நாள் மாதிரி ஒரு சிறு இழுப்பு. அவ்வளவுதான் நடக்கும்.

வலி பெரும்பாலும் இறுக்கிக்கொள்வதால்தான் வருகிறது. பல்லைக் கடித்தால், கையை முறுக்கினால் கீழேயும் இறுகிவிடும். வாயைத் திறந்து, ஊதுகிற மாதிரி மூச்சை நீளமாக விடுங்கள். இடுப்பு மேசையில் அழுந்தியிருக்கட்டும். வலித்தால் “கொஞ்சம் நிறுத்துங்க சிஸ்டர்” என்று சொல்லலாம், அவர் நிறுத்துவார். சின்ன அளவு கருவி இருக்கிறதா என்று கேட்கலாம். குழந்தை பெறாதவர்கள், வயதானவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

என் முதல் அனுபவம் நல்லதாக இல்லை. எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை. திரை இழுக்கவில்லை, கதவு பாதி திறந்திருந்தது, யாரோ சீட்டு வாங்க உள்ளே வந்து போனார்கள். என்ன செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கருவியை வைத்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன், அடுத்த நாலு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டாவது முறை வேறொரு நர்ஸ், முதலில் கருவியைக் கையில் எடுத்துக் காட்டி, “இதான்மா, இவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார். எழுந்தபோது முடிந்துவிட்டதா என்றுதான் கேட்டேன். அதனால் சொல்கிறேன்: திரையை இழுக்கச் சொல்வதும், கதவைச் சாத்தச் சொல்வதும், பெண் நர்சே பார்க்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை. ஆண் டாக்டர்தான் இருக்கிறார் என்றால் பெண் ஒருவர் கூடவே நிற்க வேண்டும் என்று கேளுங்கள். ஆண் டாக்டர் கூடாது என்பதற்காகவே ஒரே இரவில் திண்டிவனத்தில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படிக்கப் போனார், 1900-ல் வேலூரில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். நம் ஊரில் இந்தக் கூச்சத்தை யாரும் அற்பமாக நினைக்கக் கூடாது. அதற்காக அந்தக் கூச்சத்தால் இன்னொரு உயிரும் போகக் கூடாது.

முடிந்ததும் வீட்டு வேலை, சமையல், கம்பெனி எல்லாம் வழக்கம்போல. ஒன்றிரண்டு நாள் லேசாகக் கறை படலாம். அதிகமாக உதிரம் போனால், காய்ச்சல் வந்தால் மட்டும் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

முடிவை வாங்குங்கள்

பாப் ஸ்மியரோ எச்.பி.வி. டெஸ்டோ எடுத்தால் ரிப்போர்ட்டைப் போய் வாங்க வேண்டும். எங்கள் குழுவில் டெஸ்டுக்கு வந்த பெண்களில் சிலர் ரிப்போர்ட் வாங்கப் போகவே இல்லை. “ஏதாவது இருந்தா போன் பண்ணியிருப்பாங்க” என்கிறார்கள். அப்படி நம்பி இருக்காதீர்கள். எந்தத் தேதியில், எந்த அறையில், யாரிடம் வாங்குவது என்று டெஸ்ட் எடுத்த அன்றே கேட்டு, சீட்டின் பின்னால் எழுதி வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் செல் நம்பர் உங்கள் கைக்கு வரும் நம்பராக இருக்கட்டும். வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்து, அவர் வெளியூர் வேலைக்குப் போய், தகவலே வராமல் போனவர்கள் உண்டு.

பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் சில சொற்கள் பெண்களை வீணாக மிரட்டுகின்றன. ‘இன்ஃப்ளமேட்டரி’ என்று இருந்தால் அழற்சி. கிருமித்தொற்றாக இருக்கலாம், மருந்தில் சரியாகலாம், புற்றுநோய் என்று பொருள் இல்லை. ‘என்.ஐ.எல்.எம்.’ என்றால் நல்ல செய்தி, கெட்ட செல் இல்லை. ‘அன்சாட்டிஸ்ஃபேக்டரி’ என்றால் மாதிரி போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடக் கூடாது. ‘ஏ.எஸ்.சி.யூ.எஸ்.’, ‘எல்.எஸ்.ஐ.எல்.’, ‘எச்.எஸ்.ஐ.எல்.’ இந்த மூன்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். முதல் இரண்டும் பெரும்பாலும் லேசான மாற்றம், மூன்றாவதை உடனே கவனிக்க வேண்டும்.

வெள்ளையாகத் தெரிகிறது என்று சொன்னால்

முதலில் மூச்சை விடுங்கள். வினிகர் டெஸ்டில் பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருள் இல்லை. சாதாரண அழற்சியிலும் வெள்ளை தெரியும். அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று மட்டுமே பொருள். ஆனால் அடுத்த படிக்குக் கட்டாயம் போக வேண்டும். இந்த இடத்தில் பாதியில் நின்றுவிட்டால் டெஸ்ட் செய்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். பயத்தில் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். நல்லவேளை, மூன்று மாதம் கழித்து என்னிடம் சொன்னார். அடுத்த நாளே கூட்டிப்போனேன்.

அடுத்த படி பெரிய ஆஸ்பத்திரியில் கொல்போஸ்கோப்பி. வெளியே நிறுத்திய ஒரு பூதக்கண்ணாடி வழியாகக் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பது. சந்தேக இடத்தில் அரிசி அளவு சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். “சதை எடுத்தா, கத்தி பட்டா பரவிடும்” என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. பயாப்சி எடுப்பதால் நோய் பரவாது. எடுக்காமல் விட்டு வளர்வதைத்தான் பரவியதாகச் சொல்கிறார்கள்.

செல் மாற்றம் இருக்கிறது, புற்றுநோய் ஆகவில்லை என்றால், அந்த இடத்தை மட்டும் குளிரால் உறையவைத்தோ, சூட்டால் சுட்டோ, மின்கம்பி வளையத்தால் சீவியோ எடுத்துவிடுவார்கள். சூடு வைப்பது ஒரு நிமிடத்துக்குள் முடியும், குளிர் வைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அன்றே வீட்டுக்கு வரலாம். அப்புறம் மூன்று நான்கு வாரம் தண்ணியாக வெள்ளைப்படும், பயப்பட வேண்டாம். அந்த ஒரு மாதம் உறவு கூடாது. இதை வீட்டுக்காரரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவரையும் கூட்டிவந்து நர்சம்மாவையே சொல்லச் சொல்லுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஒரு வருடம் கழித்து மறுபடி டெஸ்ட்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளைப்படுகிறது, கர்ப்பப்பை வாயில் புண் இருக்கிறது, எதற்கு வம்பு, கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அன்றே தலையாட்டிவிடாதீர்கள். பாப் ஸ்மியரோ பயாப்சியோ பார்த்தீர்களா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டை எழுத்தில் வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். செல் மாற்றத்துக்கு அந்த இடத்தை எடுத்தால் போதும் என்ற நிலையில், முப்பத்தைந்து வயதில் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு எலும்பு வலியோடும் கடனோடும் இருப்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அதேபோல, புற்றுநோய்தான் என்று பயாப்சியில் தெரியாமல் அவசர அவசரமாகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, பிறகு ரிப்போர்ட்டில் தெரிந்து, வைத்தியமே சிக்கலாவதும் நடக்கிறது.

புற்றுநோய் என்றே உறுதியானாலும் ஆரம்ப நிலையில் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை. இல்லாதவர்கள் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் விண்ணப்பிக்கலாம். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நம் பக்கத்திலிருந்து பலர் காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கும், சென்னையில் அடையாறுக்கும் போகிறார்கள். எங்கே அனுப்புவது என்று அடுக்கம்பாறையில் சொல்வார்கள். வழி தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

எதுவும் இல்லை என்று சொன்னால்

சந்தோஷமாக வீட்டுக்குப் போங்கள். ஆனால் ஒருமுறை நன்றாக இருந்தது ஆயுளுக்கும் போதாது. வினிகர் டெஸ்டும் பாப் ஸ்மியரும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் அரசுத் திட்டத்தில் ஐந்து வருட இடைவெளி வைத்திருக்கிறார்கள். எச்.பி.வி. டெஸ்டில் வைரஸ் இல்லை என்று வந்தால் ஐந்து முதல் பத்து வருடம் வரை போகலாம். வீட்டில் ஒன்பது முதல் பதினான்கு வயதுப் பெண் குழந்தை இருந்தால், வந்த கையோடு எச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் கேட்டுவிடுங்கள். அந்த ஊசி போட்டவர்களும் பெரியவர்களான பிறகு இந்தப் பரிசோதனைக்கு வர வேண்டும்.

மூன்று வருடத்தை எப்படி ஞாபகம் வைப்பது என்று கேட்பார்கள். செல்போனில் போட்டால் போனே மாறிவிடுகிறது. சிலர் ரேஷன் கார்டு கவரில் சீட்டாக வைக்கிறார்கள், சிலர் குழு நோட்டில் கடன் தவணைக்குப் பக்கத்தில் எழுதச் சொல்கிறார்கள். குடியாத்தத்தில் இருக்கும் என் நாத்தனார் கணக்கே தனி. வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வாரத்தில் முதல் டெஸ்டுக்கு வந்தார். “மூணு சிரசு தாண்டினா என்னைக் கூப்பிடு அண்ணி” என்றார். இரண்டு முடிந்துவிட்டது. வருகிற வைகாசிக்கு அவரோடு அவர் தெருவிலிருந்து இன்னும் நான்கு பேர் வருகிறார்கள்.